நான் ஓடப் பழகிய எட்டு மாதம்

நாற்பத்திரண்டு வயதில் நான் ஓடத் தொடங்கினேன். எட்டு மாதம் ஓடினேன். பிறகு விட்டுவிட்டேன். கேட்பவர்கள், உடம்பைக் குறைக்க ஓடியிருப்பான் என்று நினைப்பார்கள். குறைக்கவேண்டிய உடம்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் ஓடத் தொடங்கியது வெட்கத்தில். விட்டதும் வெட்கத்தில்தான். முதல் வெட்கத்தை நானே நாலு பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மற்றதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

அது சண்டைக்காலம். திருகோணமலையில் அன்புவழிபுரத்தில் குடியிருந்தோம். நான், மனைவி, மகள். கலியாணமாகி எட்டு வருடம் கோயில் கோயிலாக நேர்த்தி வைத்துப் பெற்ற ஒரே பிள்ளை. நான் துறைமுகப் பக்கத்தில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். காலையில் பஸ்ஸில் போய்க் கதிரையில் இருந்தால் பின்னேரம் எழும்பி பஸ்ஸில் திரும்பி வருவேன். நடுவில் எழும்புவது சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும்தான். வீட்டில் மனைவியின் கை ருசி வேறு. பிட்டும் மீன் சொதியும் வைத்தாள் என்றால் போதும் என்ற சொல் என் வாயில் வராது. முப்பத்தைந்து வயதிலேயே எனக்கு நல்ல தொந்தி வைத்துவிட்டது. சட்டையின் கடைசிப் பொத்தானுக்கு முந்தின பொத்தான் எப்போதும் தெறித்துப் போகும். மனைவி தைத்துத் தைத்து அலுத்து, அந்த இடத்தில் ஊசி குத்தித் தந்தாள்.

அந்த நாட்களில் எங்கள் ஊரில் ஓட்டத்துக்கென்று ஒரு முறை இருந்தது. யாரும் அதை எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். யாராவது ஓடினால் நீயும் ஓடவேண்டும். ஏன் ஓடுகிறாய் என்று கேட்கக்கூடாது. கேட்டுக்கொண்டு நிற்பவன்தான் அகப்படுவான். கடைக்காரர் கல்லாவைப் பூட்டாமல் கதவை இழுத்துவிட்டு ஓடுவார், மீன் வாங்க வந்தவள் மீனை விட்டுவிட்டு ஓடுவாள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, ஆட்களை எண்ணி, தண்ணீர் குடித்த பிறகுதான் வேலிக்கு மேலால் எட்டி 'என்னவாம்?' என்று கேட்பது. பாதி நாட்களில் ஒன்றும் இருக்காது. மற்றப் பாதி நாட்களுக்காக நாங்கள் எல்லா நாளும் ஓடினோம்.

இந்த முறைப்படி நடக்க என்னால் முடியவில்லை. அதுதான் முதல் வெட்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மகளைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. கொப்பி உறையும் பென்சிலும் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது சந்திப் பக்கத்தில் நாலைந்து வெடிச் சத்தம் கேட்டது. சனம் ஒரே திசையில் பாய்ந்தது. நானும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு நாற்பது அடி போயிருப்பேன். விலாவுக்குள் ஏதோ இறுக்கிப் பிடித்தது, கண் இருட்டியது, கால் இரண்டும் என்னுடையவை இல்லை என்று சொல்லிவிட்டன. வாய்க்காலுக்கு மேலே இருந்த மதகுக் கட்டில் பொத்தென்று இருந்துவிட்டேன்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எழும்புங்கோ அப்பா, எழும்புங்கோ" என்று அழுதாள். எனக்கு மூச்சைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை. நீ ஓடு என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. அப்போது பின்னால் ஓடி வந்த ஒருவர் நின்றார். சந்தையில் கருவாடு விற்கிற கிண்ணியா முஸ்லிம் மனிதர், முகம் பார்த்த பழக்கம்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார்.

"நீங்க இரிங்க தம்பி, புள்ளய நான் கொண்டு போறன்" என்றார். மகளை ஒரு கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவிட்டார். சாரத்தை மடித்துக் கட்டியபடி, கொப்பி உறைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர் ஓடியது இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது. என்ன லேசான ஓட்டம்!

சத்தம் அதற்குப் பிறகு கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்து நான் எழும்பி மெல்ல மெல்ல நடந்து போனேன். ஓர் அரிசிக் கடைக்குள் முப்பது பேர் வரையில் குந்தியிருந்தார்கள். கதவிடுக்கால் உள்ளே நுழையும்போதே மகளின் குரல் கேட்டது. யாரோ அவளிடம் உன் அப்பா எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். "என்ர அப்பாவுக்கு ஓட ஏலாது. அவர் பிறகு வருவார்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்க நான் உள்ளே வந்து நின்றேன், வயிறு முதலில், நான் பிறகு. கடை முழுக்கச் சிரித்தது. பயந்த சனம் பயம் விட்டவுடன் எதற்கும் சிரிக்கும். அது எனக்கும் தெரியும். ஆனாலும் முகம் எரிந்தது. அந்தக் கருவாட்டு மனிதருக்கு ஒரு நன்றி கூடச் சொல்லாமல் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கதையைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். தெரிந்த ஒருவரிடம் பிள்ளையைக் கொடுத்து முன்னுக்கு அனுப்பிவிட்டு, நிலைமை என்னவென்று பார்த்துக்கொண்டு பின்னால் வந்தேன் என்றேன். மகள் பக்கத்தில் நின்று சோறு தின்றுகொண்டிருந்தாள்.

"இல்லை அம்மா, அப்பா மதகில இருந்திட்டார். நான் இழுத்தனான், எழும்பேல்லை" என்றாள்.

மனைவி எனக்கு இன்னும் ஓர் அகப்பை சோறு போட்டாள். அவள் ஏதாவது பேசியிருக்கலாம்.

அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த முறை என் பிள்ளையை நான்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று முடிவு செய்தேன். காலையில் அதை மனைவியிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. "அடுத்த முறை, அடுத்த முறை எண்டு என்ன கதை இது? வாயைக் கழுவுங்கோ முதல்ல" என்றாள்.

திங்கட்கிழமை விடியற்காலை ஊரடங்கு எடுத்த கையோடு படலையைத் திறந்துகொண்டு வெளிக்கிட்டேன். கட்டைக் காற்சட்டை போடக் கூச்சமாக இருந்தது. பழைய அலுவலகக் களிசானை முழங்காலுக்குக் கீழே இரண்டு மடிப்பு மடித்துவிட்டேன். மேலே பெனியன். காலில் மைத்துனர் விட்டுவிட்டுப் போன கன்வஸ் சப்பாத்து, அரை அளவு பெரிது, நுனியில் பஞ்சு அடைத்தேன். ஒழுங்கையால் போய்ப் பெரிய வீதியில் ஏறி, மகளின் பள்ளிக்கூடத்தைத் தாண்டி, கடை வரிசையைத் தாண்டி, வளைவில் கடற்படையின் சென்றி இருக்கும் இடம் வரை ஒரு மைல். சென்றி என்றால் காவலரண். மண்மூட்டை, முள்ளுக்கம்பி, உள்ளே துவக்கோடு ஒருவர். அதற்கு அப்பால் கொஞ்சத் தூரம் போனால் துறைமுகத் தண்ணீர் தெரியும். அங்கே போய்த் திரும்பி வருவது என்பது திட்டம்.

முதல் நாள் ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைதான் ஓடினேன். அந்த இரண்டாவது கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். ஒழுங்கை நாய்கள் மூன்றும் என்னைத் துரத்த வந்தவை, நான் நின்றதும் தாங்களும் நின்று என்னைப் பார்த்தன. குரைக்கவும் இல்லை. எதிர்வீட்டுப் பென்சன் எடுத்த தபால் அதிபர் படலையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா, ஆர் துரத்தினது?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை. உடம்புக்கு" என்றேன்.

"அப்ப இவ்வளவு காலமும் சாப்பிட்டது எதுக்கு?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஓடுங்கோ, நல்லது. ஆனா சனம் வெளிக்கிட முந்தி ஓடி முடிச்சிடுங்கோ. பார்க்கிறவைக்கு ஆர் சும்மா ஓடுறான், ஆர் பயந்து ஓடுறான் எண்டு தெரியாது" என்றார். அவர் சொன்னது நியாயம் என்று அன்றைக்கே பட்டது.

இரண்டாம் கிழமை சென்றிவரை போனேன், ஓடியும் நடந்தும். துவக்கோடு நின்ற கடற்படைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். அடையாள அட்டையைப் பார்த்தார். களிசான் மடிப்பைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார்.

"எங்க ஓடுறது?"

"சும்மா சேர். உடம்பு குறைக்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பிறகு, "சரி, ஓடுங்க. ஆனா இங்க வந்தா நட. ஓடினா நாங்க சுடும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னதால் பகிடியா உண்மையா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் முடியாது. அதற்குப் பிறகு சென்றிக்கு இந்தப் பக்கம் ஐம்பது யார் தூரம், அந்தப் பக்கம் ஐம்பது யார் தூரம், இரண்டு கையையும் தெரியத் தொங்கவிட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக நடப்பேன். எனக்கு அதில் ஆறுதல்தான். மூச்சு வாங்கலாம்.

ஒரு மாதம் முழுக்க உடம்பில் நோகாத இடம் இல்லை. அலுவலகத்தில் மாடிப்படி ஏறும்போது பக்கவாட்டில் திரும்பி ஏறினேன். தொடையிரண்டும் உரசிப் புண்ணாகி மனைவியிடம் தேங்காயெண்ணெய் கேட்டேன். அவள் போத்தலைக் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்ச் சிரித்தது எனக்குக் கேட்டது. இருந்தாலும் கம்பங்கள் கூடிக்கொண்டு வந்தன. மூன்று, ஐந்து, ஒன்பது. ஐந்தாம் மாதம் அந்தப் பொத்தான் ஊசி இல்லாமலே நின்றது. நான் கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று பார்க்கிற ஆளாகிவிட்டேன். அலுவலகத்தில் ஓட்டத்தைப் பற்றி அறிவுரை சொல்லவும் தொடங்கினேன். மூச்சை மூக்கால் இழுத்து வாயால் விடவேண்டும் என்று நான் சொல்ல, என்னைவிட மெலிந்த மனிதர்கள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகினேன். கிணற்றடியிலிருந்து படலை வரை. நான் 'வா' என்றவுடன் அவள் இரண்டு கையையும் மேலே உயர்த்த வேண்டும். அப்படி உயர்த்தினால்தான் அக்குளுக்குள் கை கொடுத்து ஒரே வீச்சில் தூக்க லேசு. அவள் கெக்கட்டமிட்டுச் சிரிப்பாள். எனக்கு அது விளையாட்டே இல்லை. பிள்ளை மாதத்துக்கு மாதம் பாரமாகிக்கொண்டு வந்தாள். பல்லு விழுந்து முளைத்தது, கால் நீண்டது, எட்டு வயது வந்தது. அவள் வளர்கிற வேகத்துக்கு என்னால் பலமாக முடியவில்லையே என்று பயந்தேன். இப்படி ஒரு பயத்தோடு யாராவது தன் பிள்ளை வளர்வதைப் பார்ப்பார்களா? நான் பார்த்தேன்.

எட்டாம் மாதம் ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. சென்றியிலிருந்து வீடுவரை அந்த ஒரு மைலை நில்லாமல் ஓடவேண்டும். முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போது அதை வாய்விட்டுச் சொன்னேன். மகள் கை தட்டினாள். மறுநாள் மனைவியைப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக லீவு போட்டிருந்தேன். அதனால் அவசரமில்லை.

விடியப் பார்த்தால் மழை. ஏழு மணிக்குத்தான் விட்டது. மகள் வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். சனம் நடமாடத் தொடங்கிவிட்டது. அன்றைக்கு விட்டிருக்கலாம். எதிர்வீட்டுத் தபால் அதிபர் சொன்னது நினைவிலும் வந்தது. ஆனால் இரவு சொன்ன வாய்க்குக் காலையில் கால் பின்வாங்கினால் என்ன மாதிரி என்ற வீறாப்பு. போனேன்.

போகும்போது ஓடியும் நடந்தும் போனேன். துறைமுகத் தண்ணீரைப் பார்த்துத் திரும்பினேன். சென்றியடியில் கையைத் தொங்கவிட்டு நடந்தேன். ஐம்பது யார் கழிந்ததும் தொடங்கினேன். மழை கழுவிய வீதி, காற்றில் குளிர். முதல் ஐந்து கம்பம் தெரியவே இல்லை. பத்தாவது கம்பத்தில் வழமையாக வருகிற விலாப்பிடிப்பு வந்து, தானாகவே விட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு, கண்ணை விழித்துக்கொண்டு, கையை வீசி வீசிப் போட்டேன். மூக்கால் இழுத்து வாயால் விடுகிற சாத்திரமெல்லாம் எங்கே போனதோ. முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கடை வரிசை வந்தது. தேத்தண்ணிக் கடையில் ஆட்கள், தையற்கடைக்காரர் மெசினை வெளியே இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். எதிரே கூடையோடு வந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். கூடையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள். இதென்ன என்று நினைத்தேன். அதற்குள் பக்கத்தில் கடைக்கதவு கடகடவென்று இறங்கியது, அதற்கடுத்ததும் இறங்கியது. பின்னால் காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். பத்துப் பதினைந்து பேர் என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். "ஓடுங்கோ, ஓடுங்கோ" என்று ஒருவர் கத்தினார்.

சென்றிப் பக்கத்தில் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இவர்கள் ஓடுவது நான் ஓடுவதைப் பார்த்து என்று என் மண்டைக்குள் ஏறவே இல்லை. அந்த இடத்திலிருந்து நான் ஓடியதுதான் ஓட்டம். அதுவரை எட்டு மாதமாக ஓடியதெல்லாம் வேறு.

பள்ளிக்கூடம் வந்தது. கேற் அகலத் திறந்திருந்தது. காவலாளி அப்போதுதான் கதிரையை விட்டு எழும்பி வீதியை எட்டிப் பார்த்தார். உள்ளே பிள்ளைகள் வரிசைக்கு நின்றார்கள். என் மகள் கேற்றுக்கு உள்ளே, ஐந்தடி கூட இல்லை, புத்தகப்பையோடு நின்றாள்.

"அப்பா!" என்றாள்.

எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பல காலம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை அந்தப் பொய். கேட்டது மட்டுமல்ல, திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே உயர்த்தினாள்.

நான் நிற்கவில்லை.

நின்றால் திரும்ப ஓட முடியாது என்று நினைத்தேனா? பள்ளிக்கூடத்துக்குள் அவள் பத்திரமாக இருப்பாள் என்று நினைத்தேனா? பிறகு இப்படி எத்தனையோ காரணம் தேடினேன். அந்த நேரத்தில் நான் ஒன்றும் நினைக்கவில்லை. என் கால் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நான் அதோடு போனேன். அவ்வளவுதான். ஒழுங்கைக்குள் திரும்பி, படலையைத் தள்ளி, விறாந்தையில் வந்து விழும்வரை ஓர் இடத்திலும் நிற்கவில்லை. அந்த மைலை நான் நில்லாமல் ஓடி முடித்தேன்.

மனைவி குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். வீதிச் சத்தம் அவளுக்கும் கேட்டிருந்தது. என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் படலையைப் பார்த்தாள்.

"பிள்ளை எங்க?"

மூச்சு வாங்கியதால் பேச முடியவில்லை என்று காட்ட நெஞ்சில் கை வைத்தேன். உண்மையில் அப்போது பேச முடிந்திருக்கும்.

"உங்களைத்தான் கேக்கிறன், பிள்ளை எங்க?"

"பள்ளிக்கூடத்தில" என்றேன்.

அவள் செருப்புக்கூடப் போடவில்லை. வீட்டுச் சட்டையோடு, தலை அவிழ, சனம் வருகிற திசைக்கு எதிராக ஓடினாள். ஒரு நாள்கூட ஓடிப் பழகாதவள். நான் கதிரையில் இருந்தேன். ஐந்து நிமிடத்தில் மூச்சு சரியாகிவிட்டது. எழும்பிப் போயிருக்கலாம். காலில் பலம் இருந்தது. போகவில்லை. பயமா என்றால் பயம் குறைந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே போக எனக்குத் தைரியம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒழுங்கை அடங்கியது. எதிர்வீட்டுத் தபால் அதிபர் வேலிக்கு வந்தார்.

"ஒண்டும் நடக்கேல்லையாம். சும்மா வெருட்சி. ஆரோ ஒருத்தன் கண்ணும் வாயும் பிதுங்கச் சென்றிப் பக்கமிருந்து ஓடி வந்தானாம். அவனைப் பார்த்துச் சனம் ஓடினதாம். தையற்காரன்ர மெசின் வாய்க்காலுக்க. ஒரு மனிசி முள்ளுக்கம்பியில காலைக் கிழிச்சிட்டுதாம்" என்றார். சொல்லிக்கொண்டே என் பெனியனையும் சப்பாத்தையும் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். நல்ல மனிதர். அவர் அதை யாரிடமும் கதைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. யாரும் யாரையும் சுடவில்லை. நான் என்னிடமிருந்தே ஓடி வந்திருக்கிறேன், பிள்ளையை விட்டுவிட்டு. உண்மையான ஆபத்தில் விட்டு ஓடியிருந்தாலாவது உயிர்ப்பயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். மனைவியின் பாதத்தில் சேறும் ஒரு வெட்டும் இருந்தன. மகள் அழுதிருக்கவில்லை. முகம் கழுவியதுபோல அமைதியாக இருந்தாள். மனைவி விறாந்தையில் ஏறியதும் என்னைக் கேட்டாள். சத்தம் போடவில்லை, அது இன்னும் மோசம்.

"பள்ளிக்கூடத்தடியாலதானே வந்தனீங்கள்?"

நான் நிலத்தைப் பார்த்தேன். சொல்லிவிடுவது என்றுதான் வாயைத் திறந்தேன். சொல்லியிருப்பேன் என்று நம்புகிறேன்.

"அப்பா வந்தவர் அம்மா" என்றாள் மகள். "கேற்றடிக்கு வந்தவர். கேற்றைப் பூட்டிப்போட்டினம். அப்பா தட்டிப் பார்த்தவர், திறக்கேல்லை."

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. புத்தகப்பையின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை. வரும் வழியில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இதை யோசித்து வைத்திருக்கிறாள்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "அப்பிடியோ?"

"ஓம்" என்றேன்.

அவளுடைய முகம் உடனே இளகிவிட்டது. கண் கலங்கியது. "அதை முதல்லயே சொன்னா என்ன மனிசன்? நான் என்னெல்லாம் நினைச்சுப்போட்டன்" என்றாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீரும் துவாயும் கொண்டுவந்தாள். தன் காலில் இரத்தம் கசிய, எனக்குப் பின்னால் நின்று என் முதுகைத் துடைத்துவிட்டாள். "பாவம், பூட்டின கேற்றடியில நிண்டு என்ன பாடுபட்டிருப்பியள்" என்றாள். நான் தண்ணீரைக் குடித்தேன். அவள் துடைக்கிற ஒவ்வொரு துடைப்புக்கும் எனக்குத் தோல் உரிந்தது. வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை, சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

கிளினிக்குக்குப் போய் வந்தோம். அவளுடைய காலுக்கும் அங்கேயே மருந்து கட்டினார்கள். அங்கே வரிசையில் இருந்த ஒரு பெண்ணிடம் மனைவி காலைக் கதையைச் சொன்னாள், கேற் பூட்டிய கதை, நான் தட்டிய கதை. அந்தப் பெண் என்னை மரியாதையாகப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த மலேரியா அறிவித்தலை இரண்டு முறை வாசித்தேன்.

பின்னேரம் மனைவி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் விறாந்தையில், காலையில் கழற்றிப் போட்ட சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். மகள் வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். ஏதாவது கேட்கப் போகிறாள், கேட்கட்டும், கேட்டால் அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்பா, ஏன் நிற்கவில்லை என்று அவள் கேட்டிருந்தால் நான் அவளுடைய காலில் விழுந்திருப்பேன்.

அவள் கிணற்றடியை ஒருமுறை பார்த்துவிட்டு என் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"அப்பா, கேற்றடியில நிக்கிற காவலாளி ஐயாவிட்ட அம்மா எப்பவாவது கேட்டா என்ன செய்யிறது?"

"கேக்கமாட்டா பிள்ளை" என்றேன்.

அவள் கிணற்றடியை இன்னொருமுறை பார்த்தாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு விளையாடப் போனாள்.